ஆர்க்-இஎக்ஸ்: கழுத்தில் ஒட்டும் மின்தூண்டல் விரலுக்கு எவ்வளவு தரும்?

கழுத்துத் தண்டுவடத்தில் அடிபட்டு வருஷக்கணக்கில் ஆன பிறகும், கத்தி வைக்காமலேயே கைக்கு ஏதாவது செய்ய முடியும் என்று சொல்லும் கருவிகள் நிறைய உண்டு. மருந்துக்கும் மருத்துவக் கருவிக்கும் அனுமதி தரும் அமெரிக்க அரசு அமைப்பான எஃப்டிஏவின் அனுமதியோடு அதைச் சொல்லக்கூடியவை மிகக் குறைவு. ஆன்வர்ட் மெடிக்கல் நிறுவனத்தின் ஆர்க்-இஎக்ஸ் அவற்றில் ஒன்று. 2024 டிசம்பரில் அனுமதி கிடைத்தது. தோலின் மேல் ஒட்டும் எலெக்ட்ரோடுகள், மின்துடிப்பு அனுப்பும் ஒரு ஸ்டிமுலேட்டர், அதன் அளவுகளை மாற்ற ஒரு மென்பொருள். பார்வைக்கு அவ்வளவுதான்.

தீர்ப்பை முதலிலேயே சொல்லிவிடலாம். மூளையிலிருந்து கைக்கு இறங்கும் நரம்பிழைகளில் கொஞ்சமாவது மிச்சம் இருந்து, வாரத்துக்கு மூன்று தடவையாவது ஒரு மணி நேரம் உட்கார்ந்து கைப்பயிற்சி செய்யத் தெம்பும், கூட இருந்து செய்விக்கத் தெரபிஸ்ட்டும் இருந்தால், இது உருப்படியான கருவி. காயத்துக்குக் கீழே எதுவுமே மிச்சம் இல்லாதவரிடம் "ஒட்டினால் விரல் அசையும்" என்று யாராவது விற்றால் வாங்க வேண்டாம். பயிற்சி இல்லாமல் கருவி மட்டும் என்றால் யாருக்குமே வேண்டாம்.

இதன் வேலை விரலை அசைப்பது அல்ல. இதைப் புரிந்துகொள்ளாமல் வருபவர்கள்தான் முதல் நாளே ஏமாந்து போகிறார்கள். முன்கையில் ஒட்டும் எஃப்இஎஸ் கருவி தசைக்குப் போகும் நரம்பை நேரடியாகச் சுண்டுகிறது. பொத்தானை அழுத்தினால் விரல் மடங்கும், நிறுத்தினால் விட்டுவிடும். ஆர்க்-இஎக்ஸ் கழுத்தின் பின்புறம் தண்டுவடத்துக்குள் நுழையும் உணர்வு நரம்புகளின் தடித்த இழைகளைத் தொடுகிறது. அந்த இழைகள் வழியாக, கையை இயக்கும் நரம்பு செல்கள் ஒரு படி விழிப்பாக வைக்கப்படுகின்றன. மேலிருந்து வரும் பலவீனமான கட்டளை, தூண்டல் இல்லாதபோது அந்தச் செல்களைத் தட்டி எழுப்பப் போதவில்லை. தூண்டல் இருக்கும்போது போதுகிறது. ஆக, மடக்க வேண்டும் என்று நினைக்க வேண்டியவர் நோயாளிதான். கட்டளை கிளம்பவில்லை என்றாலோ, வழியில் ஒரு இழைகூட மிச்சமில்லை என்றாலோ, கழுத்தில் குறுகுறுப்பைத் தவிர வேறெதுவும் கிடைக்காது.

இந்தக் காரணத்தால்தான் எஃப்டிஏ கொடுத்த அனுமதியின் வாசகம் கறாராக இருக்கிறது. 18 முதல் 75 வயது வரை, கழுத்துப் பகுதியில் சி2 முதல் சி8 வரையிலான மட்டங்களில் முழுமையற்ற காயம், நாள்பட்டது, மேற்கொண்டு மோசமாகாமல் நிலைத்தது. பயன் என்று சொல்லியிருப்பது கையின் பலமும் தொடு உணர்வும். சட்டைப் பட்டன் போடலாம், தனியாகச் சாப்பிடலாம் என்றெல்லாம் அந்த வாசகத்தில் இல்லை. செயல்பாட்டுப் பயிற்சியோடு சேர்த்துத் தர வேண்டும் என்பதும் அனுமதியிலேயே எழுதியிருக்கிறது. முதல் அனுமதி சிகிச்சையகத்தில் வைத்துத் தருவதற்கு மட்டும்தான்.

"முழுமையற்ற காயம்" என்பதைக் கையைப் பார்த்து முடிவு செய்ய முடியாது. தண்டுவடக் காயத்தைத் தரம்பிரிக்கும் ஏஎஸ்ஐஏ அளவுகோலில் ஏ என்பது முழுமையானது. பி, சி, டி மூன்றும் முழுமையற்றவை. இந்த எழுத்தைத் தீர்மானிப்பதில் முதல் கேள்வி, ஆசனவாய்ப் பகுதியில் உணர்வோ சுருக்கமோ இருக்கிறதா என்பது. அந்தப் பரிசோதனையைச் செய்யாமல் எழுதிய பழைய டிஸ்சார்ஜ் சீட்டை வைத்துக்கொண்டு "நான் ஏ, எனக்குப் பொருந்தாது" என்று ஒதுங்குபவர்களும் உண்டு. மறுபரிசோதனை செய்த பிறகே முடிவெடுக்க வேண்டும். அடிபட்டு எத்தனை வருஷம் ஆனது என்பது இதில் பெரிய தடையில்லை. முக்கிய ஆய்வில் காயமாகி 34 வருஷம் ஆனவர் வரை சேர்த்திருந்தார்கள்.

அந்த ஆய்வு அப்-லிஃப்ட். 2024 மே மாதம் நேச்சர் மெடிசின் இதழில் வந்தது. அமெரிக்கா, கனடா, ஐரோப்பாவில் 14 இடங்களில் நடந்து, 60 பேர் முடித்தார்கள். முதல் இரண்டு மாதம் வெறும் பயிற்சி, அடுத்த இரண்டு மாதம் அதே பயிற்சியோடு தூண்டல். 72 சதவீதம் பேர் பலனடைந்தவர்கள் என்று கணக்கிட்டார்கள். கருவியால் வந்த கடுமையான பக்கவிளைவு எதுவும் பதிவாகவில்லை.

72 என்பதைக் கொஞ்சம் பிரித்துப் பார்க்க வேண்டும். பலத்தை அளக்கும் சோதனைகள் சில, செயலை அளக்கும் சோதனைகள் சில. இரண்டு பக்கத்திலும் ஏதேனும் ஒன்றிலாவது குறிப்பிட்ட அளவைத் தாண்டி முன்னேறியிருந்தால் அவர் பலனடைந்தவர். "ஏதேனும் ஒன்று" என்பது தாராளமான வரையறை. கிள்ளுப்பிடியில் கூடுதல் அழுத்தமும் ஒரு செயல் சோதனையில் சில புள்ளிகளும் கிடைத்தவரும், தானே மூத்திரக் குழாய் போட்டுக்கொள்ளும் அளவுக்கு வந்தவரும் அந்த 72-க்குள் ஒன்றாகத்தான் நிற்பார்கள். இதைவிடப் பெரிய குறை, பொய்த் தூண்டல் கொடுத்த ஒப்பீட்டுக் குழு இல்லை. எல்லோரும் முதலில் பயிற்சி, பிறகு தூண்டல் என்ற ஒரே வரிசையில் போனார்கள். மூன்றாம் நான்காம் மாதத்தில் வந்த முன்னேற்றத்தில் கூடுதல் பயிற்சியின் பங்கு எவ்வளவு, நம்பிக்கையின் பங்கு எவ்வளவு என்று இந்த அமைப்பில் சுத்தமாகப் பிரிக்க முடியாது. பல வருஷம் அப்படியே நின்றுபோன கைகள் நகர்ந்தன என்பது வலுவான சாட்சிதான். ஆனாலும் 72-ஐ அப்படியே நம் கைக்கு எடுத்துக்கொள்ள முடியாது.

இனி நடைமுறை. இந்த வகைத் தூண்டலில் வழக்கமாகப் பயன்படுவது நொடிக்கு 30 துடிப்பு, ஒவ்வொன்றும் ஒரு மில்லி செகண்ட் நீளம். அந்த ஒரு மில்லி செகண்டும் ஒரே சமமான மின்சாரம் அல்ல. உள்ளே 10 கிலோஹெர்ட்ஸ் அலை பத்து சுற்று ஓடும். இந்த வேக அலையால்தான் பெரிய மின்னளவைத் தோல் வலியில்லாமல் தாங்குகிறது என்று சொல்வார்கள். பாதி உண்மை. வேக அலை போட்டால் தசையில் அதே விளைவைப் பெற மின்னளவும் கூட்ட வேண்டியிருக்கிறது. அப்படிச் சமப்படுத்தி ஒப்பிட்டால் வலியில் பெரிய வித்தியாசம் இல்லை என்று காட்டிய ஆய்வுகள் உண்டு. எனவே மில்லி ஆம்பியர் எண்ணை மட்டும் வைத்து இரண்டு கருவிகளை ஒப்பிடாதீர்கள். வேக அலை இல்லாத கருவியில் 30 மில்லி ஆம்பியர் என்பதும் இதில் 30 மில்லி ஆம்பியர் என்பதும் ஒன்றல்ல.

எலெக்ட்ரோடு ஒட்டுவதில்தான் பாதி விஷயம் இருக்கிறது. தலையைச் சற்றுக் குனியவைத்து, கழுத்தின் அடியில் துருத்தி நிற்கும் முள்ளெலும்பைத் தடவிக் கண்டுபிடியுங்கள். பெரும்பாலானவர்களுக்கு அது சி7. அங்கிருந்து மேலே எண்ணிக்கொண்டு போக வேண்டும். நடுக்கோட்டில் காயத்துக்கு மேலே ஒன்று, கீழே ஒன்று என இரண்டு வட்ட எலெக்ட்ரோடு. ஆய்வுகளில் அதிகம் பயன்பட்ட அளவு 2.5 சென்டிமீட்டர் விட்டம். திரும்பும் மின்சாரத்துக்கு இடுப்பெலும்பின் இரண்டு பக்கமும் 5-க்கு 10 சென்டிமீட்டர் பட்டைகள். சின்ன வட்டம் இரண்டும் சேர்ந்து சுமார் 10 சதுர சென்டிமீட்டர், பெரிய பட்டைகள் 100. அதாவது கழுத்துத் தோலில் மின்சாரம் இடுப்பை விடப் பத்து மடங்கு நெருக்கமாகப் பாய்கிறது. தோல் சிவப்பதும் எரிவதும் கழுத்தில்தான் ஏன் என்பதற்கு இதுதான் கணக்கு. வட்டத்தில் பாதி வியர்வையில் பெயர்ந்துவிட்டால், நெருக்கம் இன்னும் இரண்டு மடங்கு. உணர்வு மழுங்கிய தோலில் அது சுடுவதை நோயாளி சொல்ல மாட்டார், சொல்லவும் முடியாது.

அதனால் கழுத்து முடியைக் கத்தரிக்கோலாலோ டிரிம்மராலோ வெட்டுங்கள். பிளேடால் மழித்தால் கண்ணுக்குத் தெரியாத கீறல்களில் மின்சாரம் குவியும். எண்ணெய், லோஷன் எல்லாவற்றையும் தண்ணீரால் துடைத்து உலரவிட வேண்டும். அறுவைத் தழும்பின் மேலேயே ஒட்டக் கூடாது. கழுத்தில் பின்பக்கமாகத் தகடும் திருகும் வைத்தவர்களுக்கு நடுக்கோட்டிலேயே தழும்பு இருக்கும் என்பதால், இடம் தேடுவது எளிதாக இருக்காது. ஜெல் காய்ந்து ஓரம் சுருண்ட எலெக்ட்ரோடைத் தண்ணீர் தொட்டு இன்னொரு வாரம் ஓட்டுவது எல்லா இடத்திலும் நடக்கும் சிக்கனம். இந்தக் கருவியில் அது வேண்டாம். ஒவ்வொரு தடவையும் கழற்றிய பின் தோலைப் பாருங்கள். இளஞ்சிவப்பு கொஞ்ச நேரத்தில் மறைந்தால் சரி. மறுநாளும் இருந்தாலோ, கொப்புளம் போல எழும்பினாலோ அந்த இடத்துக்கு ஓய்வு.

மின்னளவைச் சிறு படிகளாகக் கூட்டும்போது முதலில் கழுத்தில் குறுகுறுப்பு, பிறகு தோள்பட்டை நோக்கியும் கைநோக்கியும் அது பரவும். கழுத்துத் தசை தானாக இறுகினாலோ, தோள் மேலே இழுத்துக்கொண்டாலோ, அளவு கூடிவிட்டது. கை அதுவாகத் துடிக்கும் அளவும் வேண்டாம். தேவைப்படுவது அதற்குச் சற்றுக் கீழே. சரியான அளவைக் கண்டுபிடிக்க நம்பகமான வழி, கையில் ஒரு வேலையைக் கொடுத்துப் பார்ப்பதுதான். கிள்ளும் பலத்தை அளக்கும் பிஞ்ச் கேஜைக் கட்டைவிரலுக்கும் ஆட்காட்டி விரலுக்கும் நடுவில் பிடிக்கச் சொல்லி, ஒவ்வொரு படியிலும் மூன்று தடவை அழுத்தவைத்து எழுதிக்கொள்ளுங்கள். அளவு ஏற ஏற எண் கூடும், ஒரு கட்டத்தில் நிற்கும், அதற்கு மேல் போனால் இறங்கும். இறங்குவதற்குக் காரணம் பெரும்பாலும் மடக்கும் தசையும் நீட்டும் தசையும் ஒரே நேரத்தில் இறுகுவதுதான். எண் உச்சத்தில் இருந்த படிதான் அன்றைய அளவு. மறுவாரம் அதே எண் வேலை செய்யும் என்று எடுத்துக்கொள்ள வேண்டாம். எலெக்ட்ரோடு அரை சென்டிமீட்டர் நகர்ந்தாலே போதும், எல்லாம் மாறிவிடும்.

தூண்டல் ஓடும் நேரம் முழுவதும் கை வேலை செய்துகொண்டே இருக்க வேண்டும். பாட்டிலிலிருந்து தண்ணீர் ஊற்றுவது, ஜாடி மூடியைத் திருகுவது, துளைப்பலகையில் குச்சி நடுவது, பூட்டில் சாவி திருப்புவது, நாணயத்தைத் துவாரத்தில் போடுவது, போல்ட்டில் நட்டு மாட்டுவது. இந்த ஆறும் கிராஸ்ப் என்ற கைச் சோதனையின் பிடிப்புப் பகுதியில் இருப்பவை. ஒன்று எச்சரிக்கை. பயிற்சிக்கும் அளப்பதற்கும் அதே ஆறையே பயன்படுத்தினால் சோதனையில் மட்டும் மதிப்பெண் ஏறும். பயிற்சிக்கு வேறு பொருள்கள் எடுங்கள்: துணி கிளிப், சீப்பு, போன் சார்ஜர் முனை, பல்துலக்கி. அப்-லிஃப்டில் தூண்டல் கட்டத்தில் குறைந்தது 24 தடவை என்று இருந்தது. எட்டோ பத்தோ தடவையில் "எனக்கு ஒத்துவரவில்லை" என்று விடுவதும், இரண்டு மாதம் முழுவதும் எந்த எண்ணும் நகராதபோது இன்னும் மூன்று மாதப் பணத்தைக் கட்டச் சொல்வதும் இரண்டுமே தவறு.

ஆபத்து என்று ஒன்றைத்தான் பெரிதாகச் சொல்ல வேண்டும், ஆட்டோனாமிக் டிஸ்ரிஃப்ளெக்சியா. நெஞ்சுப் பகுதியில் டி6 மட்டத்திலோ அதற்கு மேலோ காயம் உள்ளவருக்கு, காயத்துக்குக் கீழே வரும் எந்த உறுத்தலும் ரத்த அழுத்தத்தைக் கட்டுக்கடங்காமல் ஏற்றக்கூடும். நிரம்பிய மூத்திரப்பை, மடங்கிய குழாய், மலச்சிக்கல், இறுக்கிய பெல்ட், இப்போது இந்த மின்சாரமும். கழுத்துக் காயக்காரர்களுக்கு ரத்த அழுத்தத்தின் மேல் எண் சாதாரணமாகவே 90-லிருந்து 110-க்குள் இருக்கும். அவரவர் வழக்கமான அளவுக்கு மேல் 20 முதல் 40 ஏறினாலே அது டிஸ்ரிஃப்ளெக்சியாவாக இருக்கலாம். 95-ல் இருப்பவருக்கு 130 காட்டினால், விஷயம் தெரியாதவர் "நார்மல்தானே" என்று போய்விடுவார். தொடங்கும் முன் ஒரு தடவை, அளவைக் கூட்டும்போதெல்லாம் ஒரு தடவை அளக்க வேண்டும். இடிப்பது போல் தலைவலி, காயத்துக்கு மேலே வியர்வை, முகச் சிவப்பு வந்தால் தூண்டலை நிறுத்தி, நிமிர்த்தி உட்காரவைத்து, காலைத் தொங்கவிட்டு, இறுக்கமான துணியைத் தளர்த்தி, மூத்திரக் குழாயைப் பாருங்கள். அழுத்தம் இறங்காவிட்டால் உடனே மருத்துவரிடம். இதையெல்லாம் கேட்காமலேயே சொல்லும் சிகிச்சையகம் நல்ல சிகிச்சையகம்.

பேஸ்மேக்கர் போன்ற கருவி உடம்பில் இருந்தால், கர்ப்பமாக இருந்தால் வேண்டாம். தசை இறுக்கத்தைக் குறைக்கும் பாக்லோஃபென் மாத்திரை சாப்பிடுபவர்கள் அதன் அளவை நடுவில் மாற்றினால் முன்னேற்றம் எதனால் வந்தது என்று சொல்ல முடியாமல் போகும். திடீரென்று நிறுத்தினால் வலிப்பு வரை போகலாம், ஆகவே சுயமுடிவு கூடாது. விரல் தசையைத் தளர்த்தப் போடாக்ஸ் ஊசி போட்டிருந்தால் சுமார் மூன்று மாதம் போன பிறகு அளவெடுங்கள்.

இதைவிட முக்கியமாக, கருவிக்குப் பணம் கட்டும் முன் ஒரு பத்து நிமிடச் சோதனை. சாதாரண எஃப்இஎஸ் கருவியில் 35 ஹெர்ட்ஸ், 300 மைக்ரோ செகண்ட் வைத்து, முன்கையிலும் உள்ளங்கையிலும் ஒவ்வொரு தசையாகத் தூண்டிப் பாருங்கள். விரல் மடங்கினால், நீண்டால், அந்தத் தசையின் புற நரம்பு உயிரோடு இருக்கிறது, துண்டிப்பு மேலே. எவ்வளவு கூட்டியும் தசை மௌனமாக இருந்தால், தண்டுவடத்துக்குள் இருக்கும் அந்த நரம்பு செல்லே செத்திருக்கிறது. காயமான மட்டத்திலேயே இது நடக்கும். சி7, சி8-ல் அடிபட்டவர்களுக்கு விரல் தசைகளில் இது சகஜம். இல்லாத செல்லை ஆர்க்-இஎக்ஸால் விழிக்கவைக்க முடியாது. ஒரே கையில் மணிக்கட்டு நீட்டும் தசை நன்றாகவும் கட்டைவிரல் தசை முற்றிலும் செத்தும் இருக்கலாம். இந்த வரைபடம் இல்லாமல் இலக்கு வைப்பது இருட்டில் அம்பு விடுவது.

வரைபடம் கையில் இருந்தால் மற்ற வழிகளையும் எடைபோடலாம். கட்டளை மேலிருந்து வரவே இல்லை, ஆனால் தசை மின்தூண்டலுக்குப் பதில் சொல்கிறது என்றால் எஃப்இஎஸ் கைப்பட்டைதான் நேர்வழி. பயோனெஸ் எச்200 மணிக்கட்டைச் சுற்றி மாட்டும் கட்டு, ஐந்து எலெக்ட்ரோடு உள்ளேயே பதிந்திருக்கும், திறந்து மூடும் பிடியை உடனே தரும். கழற்றினால் பிடியும் போய்விடும். தசை சீக்கிரம் களைத்துப்போகும்.

தசை செத்திருந்தாலோ, காயமாகி ஒரு வருஷத்துக்குள் இருந்தாலோ, மின்சாரத்தை ஒத்திவைத்துவிட்டு முதலில் நரம்பு மாற்று அறுவை சிகிச்சை நிபுணரைப் பாருங்கள். வேலை செய்யும் தசையிலிருந்து நரம்புக் கிளையைத் திருப்பி விரலுக்கு இணைப்பது அது. 2019-ல் லான்செட் மருத்துவ இதழில் வந்த மெல்போர்ன் ஆய்வில் 16 பேருக்கு 27 கைகளில் செய்தார்கள். நான்கு இணைப்புகள் தோற்றன. நரம்பில்லாத தசை சுமார் ஒன்றரை வருஷத்துக்கு மேல் காத்திருக்காது என்பதால், ஆறு மாதம் மின்தூண்டலில் பார்த்துவிட்டுப் போகலாம் என்று நினைப்பவர் கதவை மூடிக்கொள்கிறார்.

மூளைக்குள் சிப் வைக்கும் வழி இன்னும் பெரும்பாலும் ஆய்வுக்கூடத்தில்தான். 2016-ல் நேச்சர் இதழில் ஓஹையோ குழு ஒரு பங்கேற்பாளரிடம் காட்டியது நினைவிருக்கலாம். 96 எலெக்ட்ரோடு கொண்ட தகடு மூளையில், முன்கையில் எலெக்ட்ரோடு நிறைந்த உறை, நடுவே கணினி. தலைத்தோலைத் துளைத்து வெளியே வரும் இணைப்பான் கிருமித் தொற்றுக்குத் திறந்த வாசல். அந்தப் பங்கேற்பாளரின் பொருத்தல் 2021-ல் எடுக்கப்பட்டது. அறுவையில்லாத மூளைத் தூண்டலில், தலையில் காந்தத் துடிப்பும் மணிக்கட்டு நரம்பில் மின்துடிப்பும் ஜோடியாகக் கொடுத்து, இரண்டும் தண்டுவடத்தில் ஒன்றிரண்டு மில்லி செகண்ட் இடைவெளியில் சந்திக்கவைக்கும் முறை உண்டு. பத்து நொடிக்கு ஒரு ஜோடி வீதம் நூறு ஜோடி. நேரக் கணக்கு பிசகினால் பலன் கிடைக்காது, ஆளுக்கு ஆள் நரம்பு வேகத்தை அளக்க வேண்டும் என்பதால் தெருமுனை சிகிச்சையகத்துக்கு வரவில்லை. கழுத்தின் முன்பக்கம், மூளையிலிருந்து உடலுக்குள் இறங்கும் வேகஸ் நரம்பில் சின்னக் கருவி வைத்துப் பயிற்சியோடு இணைப்பதும் 2025-ல் 19 பேரிடம் நடந்தது. அதில் முதல் பாதியில் சிலருக்குப் பொய்த் தூண்டல் கொடுத்து ஒப்பிட்டார்கள். ஆர்க்-இஎக்ஸ் ஆய்வில் இல்லாமல் போனது இதுதான்.

பெட்டியை விற்றவர் நாளைக்கும் இருப்பாரா என்பதையும் இந்தத் துறையில் கேட்டே ஆக வேண்டும். ஃப்ரீஹேண்ட் என்ற உள்ளே பொருத்தும் கைக்கருவிக்கு 1997-ல் எஃப்டிஏ அனுமதி கிடைத்தது, சுமார் 250 பேருக்குப் பொருத்தினார்கள், வேலையும் செய்தது. 2001-ல் நிறுவனம் அந்தச் சந்தையை விட்டே போனது. உடம்புக்குள் கம்பி வைத்தவர்கள் மாட்டிக்கொண்டார்கள். ஆர்க்-இஎக்ஸ் வெளியே ஒட்டுவது என்பதால் அந்த அளவு நஷ்டம் இல்லை. ஆனால் எலெக்ட்ரோடு தீர்ந்துகொண்டே இருக்கும் பொருள், மென்பொருளுக்கும் ஆயுள் உண்டு. சேரும்போதே எலெக்ட்ரோடு கட்டணம் தனியா, உள்ளடக்கமா, ஒரு தடவைக்கு எத்தனை புதியது தருவார்கள், நோயாளியோடு ஒரு மணி நேரமும் தெரபிஸ்ட் உட்காருவாரா அல்லது ஒட்டிவிட்டு அடுத்த அறைக்குப் போவாரா என்று எழுத்தில் கேளுங்கள். தூண்டல் தொடங்கும் முன் இரண்டு வெவ்வேறு நாளில் பிடி பலம், கிள்ளு பலம், நைலான் இழையால் விரல்நுனி உணர்வு, கிராஸ்ப் மதிப்பெண் நான்கையும் எடுத்து, நகலை உங்கள் கையில் வாங்கிக்கொள்ளுங்கள். எட்டாவது வாரத்தில் தூண்டலை அணைத்துவிட்டு அதே நான்கையும் எடுக்கச் சொல்லுங்கள். தூண்டல் ஓடும்போது எடுத்த எண்ணை மட்டும் காட்டுபவரிடம் மற்றதையும் கேட்டு வாங்குங்கள்.